டர்போ காரை டிராக்குக்கு ரெடி பண்றது எப்படி: இருங்காட்டுக்கோட்டை வெயில்ல நான் கத்துக்கிட்டது

டர்போ கார் வாங்கினவன் கேக்கற முதல் கேள்வி எப்பவுமே ஒண்ணுதான், "ப்ரோ, ஸ்டேஜ் 1 ரீமேப் எங்க போடலாம்?" எஞ்சின் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை மாத்தி பவர் ஏத்தறதுதான் ரீமேப். டிராக் டே, அதாவது நம்ம சொந்தக் காரை ரேஸ் டிராக்ல ஓட்டற நாள், அதுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கி வெச்சிருந்தீங்கன்னா அதுல ஒத்த ரூபா கூட எஞ்சின் பவருக்குப் போடாதீங்க, முதல் வருஷமாவது. பவர் ஏற்கெனவே நம்ம கைக்கு மீறிதான் இருக்கு. டிராக்ல காரைப் படுக்க வைக்கறது சூடு. பிரேக்ல சூடு, டயர்ல சூடு, ஆயில்ல சூடு, டர்போ அமுக்கி அனுப்பற காத்துல சூடு, போதாக்குறைக்கு நம்ம ஊர் வெயில் வேற. நான் கீழ சொல்லப் போறது எல்லாமே இந்தச் சூட்டை எப்படி சமாளிக்கறதுங்கறதுதான், வேற மந்திரம் எதுவும் இல்ல.

என்கிட்ட இருக்கறது ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230, 2017ல நம்ம ஊருக்கு வந்த மாடல். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரை சக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க், 6 கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் இருக்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), முன் வீல்தான் இழுக்கும். நாலு கதவு, டிக்கியில ஒரு கல்யாண வீட்டுச் சாமானே அடங்கும், இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றியான்னு போர்ஷே வெச்சிருக்கறவர் யாராவது கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா திங்கட்கிழமை ஆபீஸ், ஞாயித்துக்கிழமை டிராக்னு ஓட்டற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்த மாதிரி கார்தான் கதி. போலோ ஜிடி டிஎஸ்ஐ, பிஎம்டபிள்யூ, மினி கூப்பர் எஸ் எதுவா இருந்தாலும் சொல்ற விஷயம் பெருசா மாறாது, நம்பர் மட்டும் உங்க கார் மேனுவலைப் பாத்து மாத்திக்கங்க.

டிராக்னு நான் சொல்றது இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக், 3.717 கிலோமீட்டர், 12 வளைவு, ஸ்ரீபெரும்புதூர் போற வழியில இருக்கு, இப்ப மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேர் மாத்திட்டாங்க ஆனா யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. இது வர்றதுக்கு முன்னாடி ரேஸெல்லாம் சோழவரத்துல பழைய ஏர்ஸ்ட்ரிப்ல நடந்துச்சு, அந்தக் கதையை ஆரம்பிச்சா பேடாக்ல (காரை நிறுத்தி வேலை பாக்கற இடம்) இருக்கற பெருசுங்க சாயங்காலம் வரைக்கும் விடமாட்டாங்க. கோயம்புத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு செட்டிபாளையத்துல காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, 2.1 கிலோமீட்டர்தான். குட்டி டிராக்தானேன்னு நினைக்காதீங்க, ஸ்ட்ரெயிட் சின்னதா இருந்தா ஒரு பிரேக்கிங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பிரேக் ஆற நேரமே கிடைக்காது.

சரி, பிரேக்ல இருந்தே ஆரம்பிக்கறேன். ஏன்னா இதுல விட்டா மத்தது எதுவும் பேச ஆள் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் சேர்ந்து கார் ஒன்றரை டன்னு வெச்சுக்கங்க. 180ல வந்து 80க்கு பிரேக் அடிக்கறீங்க. அந்த ஒரு அடிக்கு பிரேக் முழுங்கற சூட்டுல கிட்டத்தட்ட அஞ்சு லிட்டர் பச்சத்தண்ணியைக் கொதிக்க வெச்சிடலாம். நாலஞ்சு செகண்ட்ல. ஒரு லேப்ல இந்த மாதிரி சின்னதும் பெருசுமா பல தடவை, அதுல முக்காவாசி முன் பிரேக் தலையில. ரோட்ல வாரம் முழுக்க ஓட்டினாலும் இந்தச் சூட்டைப் பாத்திருக்காது உங்க கார்.

இந்தச் சூடு டிஸ்க்ல இருந்து அதைக் கவ்வற பேடுக்கு, பேடுல இருந்து அதை அமுக்கற காலிப்பர் பிஸ்டனுக்கு, அங்க இருந்து பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற சாமான், நம்ம கடலோர ஊர்ல கேக்கவே வேணாம். டாட் 4ங்கற தர அளவுல வர்ற புது ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி, அதே ஆயில் ஈரம் ஏறிப் போச்சுன்னா தாங்க வேண்டிய அளவு வெறும் 155. ஆயில் கொதிச்சா ஆவி வரும், ஆவியை அமுக்கினா அமுங்கும், அவ்வளவுதான், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போயிடும்.

எனக்கு ரெண்டாவது டிராக் டேல மூணாவது செஷன்ல இது நடந்துச்சு. டிராக் டேக்கு முன்னாடி ஒரு வொர்க்‌ஷாப்ல பிரேக் ஆயில் மாத்தச் சொல்லி பில்லும் கட்டிட்டு வந்திருந்தேன். வளைவுக்கு முன்னாடி மிதிக்கறேன், பெடல் போகுது, போயிட்டே இருக்கு, படபடன்னு நாலு தடவை பம்ப் பண்ணி கியரைக் குறைச்சு புல்லுல போய் நின்னேன். அங்க யாரும் இல்ல, சுவரும் இல்ல, தப்பிச்சேன். பேடாக்ல வந்து பானட்டைத் தொறந்து பாத்தா டப்பாவுல இருக்கற ஆயில் தேன் மாதிரி பளிச்சுன்னு இருக்கு, காலிப்பர் நிப்பிளைத் தொறந்தா பழைய டீ டிகாஷன் கலர்ல வருது. மேல டப்பாவுல இருந்ததை மட்டும் உறிஞ்சிட்டு புதுசு ஊத்தி குடுத்திருக்காங்க. அன்னில இருந்து நாலு வீல்லயும் பழைய ஆயில் போய் புதுசு வர்ற வரைக்கும் பக்கத்துல நின்னு பாக்காம நான் பணம் குடுக்கறதில்ல, நீங்களும் குடுக்காதீங்க. மெக்கானிக் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார், பரவால்ல.

எந்த ஆயில்னா, மோட்டுல் ஆர்பிஎஃப் 600 நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கும், புதுசா இருக்கும்போது 312 டிகிரி தாங்கும். அரை லிட்டர் பாட்டில் ரெண்டு வாங்கினா நாலு வீலும் ஃப்ளஷ் பண்ணி மிச்சம் இருக்கும். ஆனா சீல் தொறந்த பாட்டிலை மூடி வெச்சு ஆறு மாசம் கழிச்சு ஊத்தாதீங்க, அதுவும் ஈரம் குடிச்சிருக்கும். டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, நம்பர் பெருசா இருக்கேன்னு வாங்கிடாதீங்க, அது சிலிக்கோன், நம்ம காருக்கு ஆகாது. டாட் 5.1 வேற, அது ஓகே. டிராக் போற வருஷத்துல ரெண்டு தடவையாவது மாத்தறது என் பழக்கம்.

அடுத்து பேட். கம்பெனி பேட் ரோட்டுக்கு நல்லா இருக்கும், காலைல ஜில்லுன்னு இருக்கும்போதே பிடிக்கும், சத்தம் வராது. டிராக்ல ரெண்டு மூணு லேப்ல வாசனை வரும், அப்புறம் பெடல் கெட்டியா இருக்கும் ஆனா கார் நிக்காது. இது ஆயில் கொதிக்கறதுல இருந்து வேற வியாதி, கவனிங்க: பெடல் பஞ்சாப் போனா ஆயில், பெடல் கல்லு மாதிரி இருந்தும் நிக்கலைன்னா பேட். ரோடும் டிராக்கும் ஒரே பேட்ல ஓட்டணும்னா ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி நடுவாந்தர பேட் போதும். முழு ரேஸ் பேட் போட்டா பூந்தமல்லி சிக்னல்ல கீச்சுன்னு கத்தி ஊரே திரும்பிப் பாக்கும், குளிர்ந்து இருக்கும்போது சரியா பிடிக்கவும் பிடிக்காது, தெனம் ஓட்டற காருக்கு அது வேணாம். டிராக்குக்குப் போகும்போது பேட் பாதிக்கு மேல தடிமன் இருக்கணும். பேட் மெலிஞ்சா சூடு நேரா பிஸ்டனுக்குப் போகும், "இன்னும் 4 எம்எம் இருக்கே"ன்னு கஞ்சத்தனம் பாத்தா அது ஆயிலைக் கொதிக்க வைக்கும்.

புது பேட் போட்டு நேரா டிராக்ல இறங்கக் கூடாது, பெட்டிங் பண்ணணும், அதாவது பேடை டிஸ்க்கோட பழக்கணும். காலியான ரோட்ல, பின்னாடி யாரும் வரலைன்னு பாத்துட்டு, 100ல இருந்து 30க்கு நல்லா அழுத்தி பிரேக், முழுசா நிக்காம திரும்ப வேகம் எடுத்து திரும்ப பிரேக், ஒரு எட்டு பத்து தடவை. அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கே தொடாம மெதுவா ஓட்டி ஆற விடணும். பேட் டப்பாவுல கம்பெனிக்காரன் வேற முறை போட்டிருந்தா அதையே ஃபாலோ பண்ணுங்க. டிஸ்க்ல முடி மாதிரி சின்னச் சின்ன கோடு இருந்தா பயப்பட வேணாம், ஆனா அந்தக் கோடு டிஸ்க் விளிம்பு வரைக்கும் போயிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு புதுசு. காலிப்பர் ஸ்லைடு பின்னை கழட்டி சுத்தம் பண்ணி அதுக்குன்னு இருக்கற ஹை டெம்ப் கிரீஸ் போடச் சொல்லுங்க, பின் இறுகிப் போச்சுன்னா ஒரு பக்க பேட் மட்டும் தேயும்.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியறதில்ல. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலதுல எக்ஸ்டிஎஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கும், வளைவுல உள் பக்க வீல் சுத்தி வழுக்கும்போது அந்த வீலுக்கு மட்டும் கார் தானாவே பிரேக் போடும். நல்ல ஐடியாதான், ஆனா நீங்க பெடலைத் தொடாதப்பவும் முன் பிரேக் சூடாகிட்டே இருக்கும். வளைவு நடுவுல ஆக்ஸிலரேட்டரை முரட்டுத்தனமா மிதிக்கறவன் பிரேக் சீக்கிரம் போகறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டியரிங்கை நேராக்கிட்டே மெதுவா பவர் குடுத்தீங்கன்னா லேப்பும் வேகமா வரும் பேடும் மிச்சம்.

டயருக்கு வர்றேன். புது டயரே வாங்கணும்னு இல்ல, ஆனா டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், 2322ன்னு இருந்தா 2022ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். அஞ்சு வருஷம் தாண்டின டயரை, பூ (ரோட்ல படற பக்கத்து டிசைன்) நல்லா இருந்தாலும், நான் டிராக்ல இறக்க மாட்டேன். பஞ்சர் போட்ட டயரும் வேணாம், அதுவும் ஓரத்துல போட்டதுன்னா சத்தியமா வேணாம்.

காத்துதான் இதுல நுணுக்கமான வேலை. டிராக்ல ரெண்டு மூணு லேப் வேகமா போனாலே டயர் உள்ள காத்து சூடாகி பிரஷர் 6, 7 பிஎஸ்ஐ ஏறிடும். ரோட்டுக்கு வைக்கற மாதிரி காலைல 35 வெச்சுட்டு இறங்கினா மூணாவது லேப்ல 42ல நிக்கும், டயர் பலூன் மாதிரி நடுவுல உப்பி ஐஸ்ல போற மாதிரி வழுக்கும். அதனால நான் காலைல டயர் ஜில்லுன்னு இருக்கும்போது முன்னாடி 30, 31ல ஆரம்பிப்பேன், செஷன் முடிஞ்சு வந்த உடனே, அதாவது வண்டியை நிறுத்தின ஒரு நிமிஷத்துக்குள்ள, கேஜ் வெச்சு பாத்து 36, 37க்கு மேல இருக்கறதை மட்டும் வெளிய விடுவேன். உங்க காருக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டயர் பூவும் பக்கவாட்டும் சேர்ற ஓரத்துல சாக்பீஸால குறுக்க ரெண்டு மூணு கோடு போடுங்க. செஷன் முடிஞ்சு பாத்தா கோடு எங்க வரைக்கும் அழிஞ்சிருக்குன்னு தெரியும். ஓரத்துல இருக்கற குட்டி முக்கோண அடையாளம் வரைக்கும் அழிஞ்சா சரி, அதையும் தாண்டி பக்கவாட்டுக்கு இறங்கியிருந்தா காத்து பத்தல, அடையாளத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னுட்டா காத்து அதிகம். சொந்தமா ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கங்க, பெட்ரோல் பங்க் மெஷின் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நம்பர் சொல்லும். நைட்ரஜன் போட்டா பிரஷர் ஏறாதுன்னு டயர் கடையில சொல்லுவாங்க, அது டூப். சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஈரம் கம்மியா இருக்கும்ங்கறது மட்டும்தான் லாபம், சூட்டுக்கு அதுவும் விரியத்தான் செய்யும்.

வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்குங்க, ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர். கடையில ஏர் கன் வெச்சு டர்ர்ர்னு அடிப்பாங்களே அதை நம்பாதீங்க, ஒண்ணு லூஸா இருக்கும் இல்ல போல்ட்டே நசுங்கற அளவுக்கு டைட்டா இருக்கும். முதல் செஷன் முடிஞ்சு வீல் ஆறினதுக்கு அப்புறம் ஒரு தடவை செக் பண்ணுங்க. அலைன்மென்ட்ல முன் டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற கோணம்) ஜீரோ பக்கம் வெச்சா ஸ்டியரிங் நல்லா பேசும். கேம்பர் (முன்னாடி இருந்து பாத்தா வீல் சாஞ்சிருக்கற கோணம்) நம்ம காருக்கு கம்பெனி செட்டிங்ல ரொம்ப கம்மி, மாத்தறதுக்கும் பெருசா வழி குடுக்கல, அதனால முன் டயர் வெளி ஓரம்தான் முதல்ல கரையும். வருஷத்துக்கு நாலஞ்சு தடவைக்கு மேல போறவங்க அந்தச் சாய்வை மாத்த உதவற கேம்பர் பிளேட் பத்தி யோசிக்கலாம், மத்தவங்க டயரை மாத்தி மாத்திப் போட்டு ஓட்டினா போதும்.

இப்ப எஞ்சின். டர்போ காருக்கு வெயில்ல என்ன ஆகுதுன்னு புரிஞ்சாதான் மத்தது புரியும். காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்குத் தெரியும், பம்ப் அடிப்பக்கம் கையில சுடும். 35 டிகிரியில உள்ள போற காத்தை டர்போ 1 பார் பூஸ்டுக்கு அமுக்கினா வெளிய வரும்போது 120 டிகிரிக்கு மேல இருக்கும். அதை இன்டர்கூலர்தான் இறக்கணும். இன்டர்கூலர் எதை வெச்சு இறக்கும்? முன்னாடி இருந்து அடிக்கற காத்தை வெச்சு. அந்தக் காத்தே மே மாசத்துல 40 டிகிரின்னா அது என்ன பண்ணும் பாவம். உள்ள போற காத்து சூடா இருந்தா நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல தானா பத்திக்கும், நாக்கிங் வந்தா எஞ்சின் உடைஞ்சிடும்னு எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ உஷாராகி இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி தள்ளும், பவர் குறையும். "முதல் ரெண்டு லேப் பறந்துச்சு, அப்புறம் கார் இழுக்கவே இல்ல"ன்னு புலம்பறவங்க கதை இதுதான். ரிப்பேர் எதுவும் இல்ல, கார் தன்னைத்தானே காப்பாத்திக்குது. ரீமேப் பண்ணினா இதே சூடு இன்னும் சீக்கிரம் வரும், அதனாலதான் மேலயே வேணாம்னு சொன்னேன்.

பெரிய செலவு இல்லாம இதுக்குச் செய்யக் கூடியது நிறைய. பம்பரை கழட்டி ஏசி கண்டன்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூணுக்கும் நடுவுல பாருங்க, ஈசல், இலை, பிளாஸ்டிக் கவர், ஒரு தடவை என் கார்ல பட்டத்து வால் கூட இருந்துச்சு. தண்ணியை மெதுவா அடிச்சு கழுவணும், பிரஷர் வாஷ் கன்னை பக்கத்துல வெச்சு அடிச்சா ஃபின் எல்லாம் மடங்கி இருந்ததும் போயிடும். செஷன்ல ஏசியை ஆஃப் பண்ணுங்க, வேர்த்துக் கொட்டும், பரவால்ல, ஏசி கண்டன்சர் தன் சூட்டை பின்னாடி இருக்கறவங்க மேலதான் ஊதுது. ஓபிடி டாங்கிள் (காரோட டயக்னஸ்டிக் சாக்கெட்ல சொருகறது) ஒண்ணு வாங்கி மொபைல்ல இன்டேக் டெம்பரேச்சரைப் பாக்க ஆரம்பிச்சா உங்க காரே உங்களுக்குப் பாடம் எடுக்கும். பிட் லேன்ல (டிராக்குக்குள்ள போற வர்ற பாதை) எஞ்சினை ஓட விட்டு பத்து நிமிஷம் நிக்கும்போது அந்த நம்பர் எப்படி ஏறுதுன்னு மட்டும் பாருங்க. அதைப் பாத்ததுக்கு அப்புறம் நான் பிட் எக்ஸிட்ல வரிசையில முதல் ஆளா போய் நிக்கறதை விட்டுட்டேன், கடைசியா வந்து நேரா உள்ள போயிடுவேன். முடிஞ்சா டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள புக் பண்ணுங்க, அதுலயும் காலை செஷன்ல உங்க வேலையை முடிச்சுக்கங்க.

ஆயில் புதுசா மாத்திட்டுப் போங்க. இந்த எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வேகன் 502 00 ஸ்பெக் இருக்கற நல்ல 5டபிள்யூ-40 சிந்தெடிக்தான் நான் டிராக் சீசனுக்குப் போடறது. டிப்ஸ்டிக்ல மேக்ஸ் கோடு வரைக்கும் இருக்கட்டும், அதுக்கு மேல ஊத்தாதீங்க, கம்மியாவும் விடாதீங்க, நீளமான வளைவுல ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும்போது பம்புக்கு ஆயில் கிடைக்கணும். டிஸ்ப்ளேல ஆயில் டெம்பரேச்சர் காட்டும் (கூலண்ட் முள்ளை நம்பாதீங்க, அது 90ல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்). 80 தாண்டற வரைக்கும் மிதிக்கக் கூடாது, 130 பக்கம் போனா ரெண்டு லேப் ஆற விட்டு ஓட்டணும். ஒரு லிட்டர் அதே ஆயில் கையில இருக்கட்டும், டர்போ எஞ்சின் டிராக்ல கொஞ்சம் குடிக்கும்.

கூலண்ட்ல நம்ம ஊர் வியாதி ஒண்ணு இருக்கு. லெவல் குறைஞ்சா போர் தண்ணியை ஊத்தி டாப் அப் பண்றது. அந்த உப்புத் தண்ணி ரேடியேட்டர் உள்ள படிஞ்சு படிஞ்சு குழாயை அடைக்கும், ரோட்ல தெரியாது, டிராக்ல தெரியும். ஸ்பெக் உள்ள கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து முழுசா மாத்திடுங்க. இந்த எஞ்சின்ல தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இருக்கற பிளாஸ்டிக் ஹவுசிங் கசியறது பிரசித்தம், அந்தப் பக்கம் டார்ச் அடிச்சு இளஞ்சிவப்பா காஞ்சு போன கறை இருக்கான்னு பாருங்க, இருந்தா டிராக்கைத் தள்ளி வெச்சுட்டு முதல்ல அதை முடிங்க. அப்படியே டர்போல இருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸ் எல்லாம் கிளாம்ப் டைட்டா இருக்கா, மூட்டுல ஆயில் கசிஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க. ஸ்பார்க் பிளக் மாத்தி ரொம்ப நாளாச்சுன்னா மாத்துங்க, பூஸ்ட்ல பழைய பிளக்தான் முதல்ல காலை வாரும்.

பெட்ரோல் 95 ஆக்டேனாவது போடுங்க. 91 மாதிரி கம்மி ஆக்டேன்லயும் கார் ஓடும், ஆனா மேல சொன்ன நாக்கிங் கதை அதுல சீக்கிரம் ஆரம்பிக்கும். எவ்வளவுன்னா, டிராக்ல லிட்டருக்கு மூணு நாலு கிலோமீட்டர்தான் குடுக்கும், 20 நிமிஷ செஷன்ல எட்டு ஒன்பது லேப் ஓட்டினா பத்து லிட்டர் காலி. நாலு செஷன்னா முழு டேங்க்னு கணக்கு. கால் டேங்க்குக்குக் கீழ விடாதீங்க, வளைவுல பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்கும்.

டிஎஸ்ஜி வெச்சிருக்கறவங்க, 6 கியர் டிக்யூ250ன்னா ஆயில்ல ஊறின கிளட்ச், 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும், டிராக் போறவங்க அதுக்கு முன்னாடியே மாத்தறது நல்லது. போலோ ஜிடி டிஎஸ்ஐல வந்த 7 கியர் டிக்யூ200 டிரை கிளட்ச், அது பிட் லேன்ல ஊர்ந்து ஊர்ந்து போறதுலயே சூடாகும், பிரேக்கைப் பாதி விட்டு நகர்த்தற பழக்கத்தை அங்க விட்டுடுங்க.

கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி காரை காலி பண்ணுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, சீட்டுக்கு அடியில உருளற தண்ணி பாட்டில், டிரைவர் பக்க ஃப்ளோர் மேட் எல்லாம் வெளிய. பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழ போறதை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க, தானா எடுத்துடுவீங்க. டாஷ்போர்டு பிள்ளையாரையும் கும்பிட்டுட்டு கழட்டி வீட்ல வெச்சிடுங்க, டபுள் டேப் சூட்டுல இளகிடும், அவர் பறந்து வந்து மூஞ்சியில மோதறது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. டோ ஹூக் கையில கிடைக்கற இடத்துல இருக்கட்டும், புல்லுல மாட்டினா அதைத்தான் கேப்பாங்க. பேட்டரி டெர்மினல் ஆட்டிப் பாருங்க. ஹெல்மெட் முழு முகம் மூடறது, முழுக்கை காட்டன் சட்டை, அடி மெலிசான ஷூ, செருப்போட வந்தா உள்ளயே விடமாட்டாங்க. சீட்டை ரோட்டுக்கு வைக்கறதை விட ஒரு படி முன்னாடி, கை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங் மேல உக்காரணும்.

இன்சூரன்ஸ் விஷயம் கசப்புதான், ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நம்ம ஊர் மோட்டார் பாலிசியில ரேஸ், ஸ்பீடு டெஸ்டிங் மாதிரி உபயோகத்துக்கெல்லாம் கவர் இல்லன்னு தெளிவா போட்டிருக்கும். டிராக்ல இடிச்சா அது உங்க பாக்கெட். அதைத் தாங்க முடியாத காரை டிராக்குக்குக் கொண்டு வராதீங்க, பழைய போலோ ஒண்ணு வாங்கி அதுல பழகுங்க, ஜாலியும் அதுலதான் ஜாஸ்தி.

அன்னிக்கு காலைல பிரீஃபிங்கை ஒழுங்கா கேளுங்க, கொடி எல்லாம் மனப்பாடம் ஆகணும், மஞ்சள்னா ஆபத்து முந்தாதே, சிவப்புன்னா செஷன் நிறுத்தியாச்சு மெதுவா பிட்டுக்கு வா, நீலம்னா பின்னாடி வேகமானவன் வர்றான். ஈஎஸ்சியை (கார் வழுக்கும்போது தானா பிடிச்சு நிறுத்தற சிஸ்டம்) ஆஃப் பண்ணாதீங்க, ஸ்போர்ட் மோட் இருந்தா அது போதும், மெயின் ஸ்ட்ரெயிட் முடிஞ்சு வர்ற சி1, அதாவது முதல் வளைவு, ரொம்ப வேகமானது, வீரத்தைக் காட்டற இடம் அது இல்ல.

செஷன் ஓட்டற முறை இது. முதல் லேப் வார்ம் அப், டயரும் ஆயிலும் சூடாகட்டும். அப்புறம் மூணு, அதிகம் போனா நாலு லேப் வேகமா. அப்புறம் ஒரு லேப் ஆற விடற லேப், பிரேக்கை முடிஞ்ச அளவு தொடாம உயர்ந்த கியர்ல மெதுவா. செஷன்ல நேரம் மிச்சம் இருந்தா திரும்ப ஆரம்பிக்கலாம். செஷன் முடிஞ்சதுன்னு கொடி காட்டின லேப்லயும் முழு வேகத்துல வந்து அப்படியே பேடாக்ல எஞ்சினை ஆஃப் பண்றவங்களைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். டர்போ உள்ள எக்ஸாஸ்ட் பக்கம் 900 டிகிரி தாண்டின சூடு இருந்த இடம், எஞ்சின் நின்னா ஆயில் ஓட்டம் நிக்கும், பேரிங்கில இருக்கற ஆயில் அங்கயே கருகி கரியாப் படியும். இப்ப வர்ற பல கார்கள்ல எஞ்சின் நின்ன அப்புறமும் எலக்ட்ரிக் பம்ப் கூலண்ட்டை ஓட்டும், பானட்டுக்குள்ள சத்தம் வருதேன்னு பதறாதீங்க, இருந்தாலும் அந்த ஆற விடற லேப்பும் நிறுத்தின அப்புறம் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐடிலும் கட்டாயம்.

நிறுத்தின அப்புறம் ஹேண்ட்பிரேக் போடாதீங்க. சூடான டிஸ்க்கை பேட் அதே இடத்துல கவ்விக்கிட்டு நின்னா பேட் அங்க ஒட்டிப் படிஞ்சு அப்புறம் பிரேக் அடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஆடும். காலையும் பிரேக்ல இருந்து எடுத்துடுங்க, ஆட்டோ ஹோல்டு இருந்தா ஆஃப், கியர் பாக்ஸை பார்க்ல போட்டு வீலுக்கு ஒரு கல்லு முட்டுக் குடுங்க. பானட்டைத் தொறந்து வைங்க. அப்புறம் காத்து பாருங்க, பேட் பாருங்க, காருக்கு அடியில குனிஞ்சு ஏதாவது சொட்டுதான்னு பாருங்க, அதெல்லாம் முடிச்சுட்டு நீங்களும் ஒரு லிட்டர் தண்ணி குடிங்க, நாலாவது செஷன்ல புல்லுக்குப் போறவங்கள்ல பாதிப் பேர் கார் நல்லாதான் இருக்கும், டிரைவர் காஞ்சு போயிருப்பார்.

சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி டயர் முழுசா ஆறட்டும், செஷன் செஷனா வெளிய விட்ட காத்தை எல்லாம் திரும்ப ரோட்டு அளவுக்கு ஏத்துங்க, இதை மறந்துட்டு 28 பிஎஸ்ஐல பெங்களூர் ஹைவேல ஏறினவன் நான். டயர் இன்ஃப்ளேட்டர் ஒண்ணு டிக்கியில இருக்கட்டும். கேட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே பெடலை ரெண்டு தடவை அழுத்திப் பாருங்க, காலைல இருந்ததை விட கீழ போச்சுன்னா வண்டியை எடுக்காதீங்க, ஃபிளாட்பெட்டுக்கு ஃபோன் போடுங்க.